பேர் அதேதான்... சரக்கு?

2020 ஜூலை 2. ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஓர் அறிவிப்பு விட்டது. 1975-லிருந்து விற்றுவந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' இனிமேல் 'க்ளோ அண்ட் லவ்லி'. டிவியில் செய்தி, பேப்பரில் செய்தி, ஆதரித்தும் திட்டியும் நூறு கட்டுரை. பட்டிதொட்டிப் பெட்டிக்கடை வரை விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆக, பேர் மாறினால் ஊரைக் கூட்டித் தண்டோரா போடுகிறார்கள். நல்லது.

அதே அழகுசாதன உலகத்தில் இதற்கு நேர்மாறான காரியம் ஒன்றும் நடக்கிறது. பேர் அப்படியே இருக்கும். பாட்டில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஷேடு நம்பர்கூட மாறாது. உள்ளே இருக்கிற சரக்கு மட்டும் வேறாகிவிடும். இதற்குத் தண்டோரா கிடையாது. மிஞ்சிப்போனால் டப்பா மூலையில் 'நியூ', 'இம்ப்ரூவ்டு' என்று ஒரு பொட்டு. பல நேரம் அந்தப் பொட்டும் இல்லை. வாங்கின ஆள் முகத்தில் போட்டுக்கொண்டு, நாலு மணி நேரம் வெயிலில் நின்று, தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் அதிகமாக அடிபடுவது லாங்-வேர் ஃபவுண்டேஷன். காலையில் போட்டால் ராத்திரி வரை நிற்கும் என்று சொல்லி விற்கிற வகை. 1990-களில் ரெவ்லானின் கலர்ஸ்டே, 1997-ல் எஸ்டே லாடரின் டபுள் வேர், பிறகு லோரியால், மேபெலின் என்று வரிசையாக வந்துவிட்டன. இந்த வகைக்கு இருக்கிற ஒரே பெருமை 'நிற்கும்' என்பதுதான். அதில் கை வைத்துவிட்டு அதே பேரில் விற்பது சரியா?

"மேக்கப் சமாச்சாரத்துக்கு இவ்வளவு பில்டப்பா?"

இந்தக் கேள்வி முதலில் வரும். அதையும் பார்த்துவிடலாம்.

சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் 2008-லிருந்து படிப்படியாகப் பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜினை எடுத்துவிட்டு யூ.சி.ஈ. இன்ஜின் வைத்தார்கள். மைலேஜ், பராமரிப்பு என்று எத்தனையோ நல்ல காரணம் சொன்னார்கள். இன்றுவரை டீக்கடையில் புல்லட் பேச்சு வந்தால் "அந்தப் பழைய சவுண்டு வருமாய்யா?" என்று ஒருத்தர் கிளம்பிவிடுவார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. 'ரசனையான ஆளுப்பா' என்று இன்னொரு டீ சொல்வார்கள் :-)

அதே ஆதங்கத்தை ஒரு பெண் ஃபவுண்டேஷனைப் பற்றிச் சொன்னால் மட்டும் 'பொழுது போகலியா' என்பது என்ன நியாயம்? இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கின பொருளைச் சொல்லாமல் மாற்றலாமா?

முதலில், அது எப்படி நிற்கிறது?

ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடுகளும் டைட்டானியம் டை ஆக்சைடும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை இந்த நாலின் கலவையில்தான் எல்லா ஷேடும். பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் வியர்வையோடு வழிந்துவிடும். லாங்-வேர் வகையில் அந்த வேலைக்கென்றே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, சீக்கிரம் ஆவியாகிற சிலிகோன் திரவம். பல பாட்டில்களில் சைக்ளோபென்டாசிலாக்ஸேன், சுருக்கமாக டி5. இன்னொன்று, டிரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் மாதிரியான பிசின். பூசின சில நிமிஷத்தில் திரவம் பறந்துவிடும். பிசின் மெல்லிய படலமாக இறுகி நிறத்தைத் தோலோடு பிடித்து வைக்கும். வார்னிஷ் காய்கிற கதைதான், அதைவிட மெல்லிசாக.

இதில் ஒரு கஷ்டமும் உண்டு. படலம் இறுக இறுக நன்றாக நிற்கும். ஆனால் முகம் இழுக்கும், வறண்ட தோலில் வெடிப்பு விடும், ராத்திரி கழுவ எண்ணெய் தேவைப்படும். படலத்தை இளக்கினால் தோலுக்குச் சுகம், ஆனால் நிற்காது. இரண்டையும் முழுசாகக் கொடுப்பது லேசில்லை. ஒவ்வொரு ஃபார்முலாவும் நடுவில் எங்கேயோ ஒரு கோடு போடுகிறது. 'ரீஃபார்முலேஷன்' என்பது பெரும்பாலும் அந்தக் கோட்டை நகர்த்துவதுதான்.

பழசு, புதுசு

'ஈரப்பதம்', 'ஸ்கின்கேர்', 'எஸ்.பி.எஃப்.' என்று சேர்த்துக்கொண்டு வருகிற புது ஃபார்முலாக்களைப் பழைய இறுக்கமான வகையோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. பழசு சட்டென்று காய்ந்துவிடும். கை பழகாதவர்கள் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். புதுசு நிதானமாகப் பூச நேரம் கொடுக்கும்.

2. பழசு மேட், பளபளப்பு கிடையாது. புதுசில் ஒரு மினுமினுப்பு. ஏ.சி. அறையில் அது அழகு. வெயிலில் எண்ணெய் வழிகிற மாதிரித் தெரியும்.

3. பழசு சட்டைக் காலரில், மாலையில், கைக்குட்டையில் அவ்வளவாக ஒட்டாது. புதுசு ஒட்டும்.

4. தினமும் ஆபீசுக்குப் போட்டுப் போகிறவர்களுக்கும் வறண்ட தோல்காரர்களுக்கும் புதுசு சுகம். ராத்திரி கழுவுவதும் சுலபம்.

5. எஸ்.பி.எஃப். ஏற்றுகிறோம் என்று டைட்டானியம் டை ஆக்சைடைக் கூட்டினால், கறுத்த முகம் கேமரா பிளாஷில் சாம்பல் பூசினது போல் விழும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் சாட்சி கிடைக்கும்.

ஆக, புதுசு மோசம் என்பதல்ல வாதம். நாலாவது பாயிண்டை இன்னொரு தடவை படிக்கலாம். புதுசு நல்லதாகவே இருக்கட்டும். அது *வேறு*. வேறு ஒன்றை அதே பேரில், அதே நம்பரில், வாய் திறக்காமல் விற்பதுதான் பிரச்சினை.

கரிசக்காட்டு முகூர்த்தம்

ஏ.சி. ஷோரூமில் இந்த வித்தியாசம் தெரியாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசக்காட்டில் தெரியும்.

குமாரலிங்கபுரம் மாதிரி ஓர் ஊரில் வைகாசி முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை மூணு மணிக்கே பொண்ணு மேக்கப்புக்கு உட்கார வேண்டும். பிறகு ஹோமப் புகை, மண்டபத்துக் கூட்டம், வீடியோ லைட், கழுத்தில் இரண்டு கிலோ மாலை. பத்து மணிக்கு மேல் வெளியே போட்டோ ஷூட். நிழலுக்கு ஒதுங்கச் சீமைக்கருவேல மரம்தான் இருக்கும். வியர்வை படலத்தைக் கீழேயிருந்து தூக்கும். முகத்து எண்ணெய் அதைக் கரைக்கும். பழைய ஃபார்முலா தாங்கின இடத்தில் புதுசு மூக்கோரமும் நெற்றியும் பிரிந்து நிற்கிறது.

பழி யார் மேல்? கம்பெனி மேலா? இல்லை. "அந்த அக்கா சரியாப் போடல." அவ்வளவுதான். பெரிய நகரத்து மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் பத்து பாட்டில் இருக்கும். ஒன்று சரியில்லையென்றால் இன்னொன்று. சின்ன ஊரில் பார்லர் வைத்து, சுற்று வட்டாரக் கல்யாணங்களுக்கு பஸ் ஏறிப் போகிற பெண்ணிடம் இருப்பது இரண்டு மூன்று பாட்டில். போன முகூர்த்தத்துக்கு நன்றாக இருந்ததே என்ற நம்பிக்கையில்தான் அடுத்த பாட்டிலை அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ வாங்கி வருகிறார். அந்த நம்பிக்கைதான் அவருடைய மூலதனம். ஒரு கல்யாணம் சொதப்பினால் அந்தத் தெருவில் அடுத்த மூணு கல்யாண ஆர்டர் போச்சு. பாலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று எழுதுவார்களே, அதைக் கம்பெனி தன்னுடையதை வளர்க்கிறேன் என்று இவருடையதில் கை வைத்துவிட்டது.

கல்யாணம் மட்டுமில்லை. கோவில் கொடைக்கும் பொங்கலுக்கும் விடிய விடிய நடக்கிற 'வள்ளி திருமணம்' நாடகக் கலைஞர்கள், கரகாட்டக்காரர்கள், மதுரை ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடி வேலை பார்க்கிற பெண்கள், எல்லோருக்கும் முகம் தொழிலில் ஒரு பகுதி. இவர்களுக்கு 'நிற்கும்' என்பது ஆடம்பரமில்லை.

"மாற்றித்தானே ஆகணும்?"

ஆகணும். மறுக்கவே இல்லை.

'அரிதாரம் பூசுவது' என்று இன்றும் சொல்கிறார்கள். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. அதை இன்றைக்கும் முகத்தில் பூசச் சொல்ல முடியுமா? பேர் நின்றது, பொருள் போனது, நல்லதாயிற்று.

இன்றைய மாற்றங்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. டி5 இயற்கையில் லேசில் சிதையாமல் தங்கிவிடுகிறது என்று ஐரோப்பிய யூனியன் 2018-ல் விதி போட்டு, கழுவிவிடுகிற அழகுசாதனங்களில் 2020 ஜனவரி 31 முதல் அதை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 2024-ல் வந்த அடுத்த விதி, ஃபவுண்டேஷன் போல முகத்திலேயே விட்டுவைக்கிற பொருள்களுக்கும் 2027 ஜூன் முதல் அதே வரம்பை வைக்கிறது. இன்னொரு பக்கம் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃப்ளோரின் ரசாயனங்கள். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலும் வாங்கின 231 அழகுசாதனங்களைச் சோதித்து, ஃபவுண்டேஷன்களில் பாதிக்கும் மேலானவற்றில் ஃப்ளோரின் அளவு அதிகம் என்றது. பிரான்ஸ் 2025-ல் சட்டம் போட்டு 2026 ஜனவரி 1 முதல் அழகுசாதனங்களில் இவற்றுக்குத் தடை விதித்தது.

ஆகவே வருகிற சில வருஷங்களில் லாங்-வேர் பாட்டில்களுக்குள் நிறைய மாறப்போகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஃபார்முலா வைப்பதைவிட எல்லாருக்கும் ஒன்றை வைத்தால் செலவு குறைவு. இது காஸ்ட் அக்கவுண்டிங் படிக்காதவர்களுக்கும் தெரியும். சட்டம் ஐரோப்பாவில், மாற்றம் அருப்புக்கோட்டை அலமாரியிலும் வரலாம். வரட்டும். ஆனால் காரணம் இவ்வளவு நல்ல காரணமாக இருக்கும்போது அதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்? 'சுற்றுச்சூழலுக்காக இந்தப் பொருளை எடுத்துவிட்டோம், பிடிப்பு கொஞ்சம் குறையும்' என்று சொன்னால் வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார். முன்பாதியை மட்டும் சொல்லி, பின்பாதியை விழுங்குவதுதான் வழக்கமாக இருக்கிறது.

சொல்ல முடியாத விஷயமும் இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் பேபி பவுடரில் டால்க்கை விட்டுச் சோள மாவுக்கு உலகம் முழுக்க 2023-ல் மாறுவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தது. ஆயிரக்கணக்கான வழக்குகள் கழுத்தை நெரித்த பிறகுதான் என்பது உண்மை. ஆனாலும் அறிவித்தது. அதற்கும் முன்னால், 1985 ஏப்ரல் 23-ல் கோககோலா 'சுவையை மாற்றிவிட்டோம்' என்று பகிரங்கமாகச் சொன்னது. சனங்கள் சண்டைக்கு வந்தார்கள். ஜூலை 11-ல் பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. மார்க்கெட்டிங் வகுப்பில் இதைத் 'தோல்விக் கதை' என்று நடத்துவார்கள். வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வெற்றிக் கதை. சொன்னதால்தான் சண்டை போட முடிந்தது. கம்பெனிகள் அதிலிருந்து கற்ற பாடம் 'சுவையை மாற்றாதே' என்பதா, 'மாற்றினால் சொல்லாதே' என்பதா?

சட்டம் என்ன சொல்கிறது?

'லேபிளில் எல்லாம் எழுதியிருக்கிறதே, படித்தால் தெரியாதா' என்பார்கள். இந்தியாவில் 2020 அழகுசாதன விதிகள்படி பொருள் பட்டியல் அச்சிட வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை எடை இறங்குவரிசையில். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவை எந்த வரிசையிலும் வரலாம். சதவீதம் எவ்வளவு என்று போட வேண்டியதில்லை. விளைவு? பிசினைப் பாதியாகக் குறைத்தாலும், வரிசையில் அது அதே இடத்தில் இருந்தால் பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறாது. பட்டியல் மாறினாலும், 'போன மாதப் பட்டியல் இதுவல்ல' என்று விதி அச்சிடச் சொல்வதில்லை. பழைய டப்பாவைக் குப்பையில் போட்டவர் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்?

மொழியும் இருக்கிறது. பாக்கெட்டில் போடவேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன 2011 பொட்டலப் பொருள் விதிகள். வேறு மொழியும் சேர்க்கலாம், கட்டாயமில்லை. தமிழில் விளம்பரம் எடுக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் லேபிள் அடிக்கத் தெரியாது போலிருக்கிறது.

இப்போது பி.காம். மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 17. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த 'மாதிரி மூலம் விற்பனை' இதுதான். காட்டின மாதிரியோடு மொத்தச் சரக்கும் தரத்தில் ஒத்துப்போக வேண்டும். விருதுநகர் மண்டியில் மல்லியும் வத்தலும் விற்கிறவருக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. கையில் காட்டினது ஒன்று, மூட்டையில் இருப்பது ஒன்று என்றால் என்ன ஆகும் என்று தெரியும். அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கும் தெரியும். 80-ம் நம்பர் நூல் என்று சொல்லி 60-ம் நம்பரை அனுப்பினால், 'இது இன்னும் மென்மையானது, மேம்படுத்தப்பட்டது' என்ற விளக்கத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். சிப்பம் திரும்பிப் போய்விடும்.

கடையில் ஒரு பாட்டில் வாங்குவது சட்டப்படி 'மாதிரி மூலம் விற்பனை' ஆகாது என்று வக்கீல்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆனால் வியாபாரத்தில் பிராண்டு என்றால் என்ன? 'போன தடவை வாங்கினது மாதிரியே இதுவும் இருக்கும்' என்கிற வாக்குறுதிதானே? போன பாட்டில்தான் மாதிரி. அதைக் காட்டித்தான் இந்தப் பாட்டிலை விற்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை பற்றித் தகவல் அறிவதை நுகர்வோரின் உரிமை என்றே எழுதி வைத்திருக்கிறது. பாட்டிலுக்குள் பாதி மாறியிருப்பது தகவல் இல்லையென்றால் வேறு எதுதான் தகவல்?

கேட்பது ரொம்பச் சின்னது

ஒன்று: ஃபார்முலா மாறினால் ஒரு வருஷத்துக்கு டப்பா முகப்பில், மூலையில் இல்லை முகப்பில், 'கலவை மாற்றப்பட்டது' என்று மாதம், வருஷத்தோடு போட வேண்டும். தமிழிலும்.

இரண்டு: பழைய பட்டியல், புதிய பட்டியல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இணையத்தில் இருக்க வேண்டும். டப்பாவில் ஒரு கியூ.ஆர். கோடு போதும். தொழில் ரகசியம் எதுவும் போய்விடாது. இரண்டும் ஏற்கனவே அச்சிட்ட பட்டியல்கள்தானே.

மூன்று: சாஷே. இதைத் தமிழ்நாட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கடலூர் சின்னி கிருஷ்ணன் போட்டுக்கொடுத்த வழியில் 1983-ல் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவை ஆரம்பித்து, சின்னப் பாக்கெட்டிலேயே பெரிய கம்பெனிகளுக்குத் தண்ணி காட்டின ஊர் இது. ஷாம்பூவைச் சில்லறைக் காசுக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு பாட்டில் வாங்கலாம். ஃபவுண்டேஷன் என்றால் மட்டும் 30 மில்லியை முழுசாக வாங்கித்தான் ஏமாற வேண்டுமா?

நான்கு: '24 மணி நேரம் நிற்கும்' என்றால் எத்தனை டிகிரி வெப்பத்தில் என்று போடட்டும். ஏ.சி.யில் 24 மணி நேரம் என்பது கரிசக்காட்டில் எந்தக் கணக்கிலும் சேராது.

இதெல்லாம் நடக்கும்வரை வாங்குகிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. தீர்ந்த பாட்டிலின் பட்டியலையும் பேட்ச் நம்பரையும் மொபைலில் போட்டோ எடுத்து வைக்கலாம். புதுசு வாங்கியதும் முதல் ஐந்து பொருள் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போனாலும் நம்பிவிடாமல், தாடையோரம் பூசி, ட்யூப் லைட்டில் இல்லாமல் வெயிலில், இருபது நிமிஷம் கழித்து நிறத்தையும் நாலு மணி நேரம் கழித்துப் பிடிப்பையும் பார்க்கலாம். முகூர்த்த நாளன்று மட்டும் புதுப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒருத்தர் கூப்பிட்டால் புகார், ஆயிரம் பேர் கூப்பிட்டால் விதி.

பேர் மாறியதை ஒரே நாளில் நாடு முழுக்கச் சொல்லத் தெரிந்த தொழில் இது. சரக்கு மாறியதைச் சொல்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டத் தெரியாது என்றால், குமாரலிங்கபுரத்துக் கல்யாண வீட்டில்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.